கிணற்று மீனும் கண்ணாடித் தொட்டியும்

கிழக்குக் கரையோரத்து எங்கள் கல்முனைக்குடியில் ஒரு காலம் மீன் வளர்க்கக் காசு தேவைப்படவில்லை. வளவுக்குள் கிணறு இருந்தால் போதும். மணல் தரை என்பதால் சில சீமெந்துக் கொட்டுகளை இறக்கினாலே தண்ணீர் ஊறிவிடும். அதற்குள் நாலு பனையானும் ஒரு பிடி கப்பியும் விட்டுவைப்பார்கள். அழகுக்காக இல்லை, நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்றுதான். தென்னமெரிக்காவின் வடகரையிலிருந்து வந்த கப்பியை இலங்கைக்குக் கொண்டுவந்ததே மலேரியா நுளம்பை ஒழிக்கத்தான். அது எங்கள் வீட்டு ஆளாகிப் போனதால், வெளிநாட்டு மீன் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

பனையான் வயலில் இருந்து வந்தது. கரைவாகு வட்டையில் தண்ணீர் வற்றும்போது, பொடியன்மார் சேற்றில் இறங்கிக் கையாலும் அத்தாங்காலும் பிடிப்பார்கள். பெரியது கறிக்கு, சின்னது கிணற்றுக்கு. பிடித்தவன் கையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் செவுள் மூடியில் இருக்கும் முள் வரிசை தோலைக் கிழித்துவிடும். அந்த முள்ளை ஊன்றித்தான் மழை இரவுகளில் அது ஒரு வரவையிலிருந்து இன்னொரு வரவைக்குத் தரையால் நகர்ந்து போகும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதனால் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி மூச்சுவிடும்.

இன்று மீன் கடைக்குப் போனால் தனித்தனிப் போத்தலில் நிற்கிற பைட்டர் மீனுக்கும் அதே உறுப்புத்தான். நீலமும் சிவப்புமாகச் செட்டை விரிக்கும் அந்த மீனின் பூர்வீகமும் நெல்வயல்தான், தாய்லாந்துப் பக்கத்து நெல்வயல். 2019இல் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் பனையானுக்கு அந்த மரியாதையை யாரும் கொடுக்கவில்லை. பைட்டருக்கு விலை கேட்கும் பிள்ளைக்கு, அதன் சொந்தக்காரன் மேற்கே வட்டைக்குள் இருக்கிறான் என்று ஒரு ஆளாவது சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் கிணற்று வாழ்க்கையை முறித்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. உயிர்களைப் பறிகொடுத்த ஊருக்கு அன்று கிணற்றைப் பற்றி நினைக்க நேரமில்லை. கடல் வடிந்த பிறகு பார்த்தால், கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பும் சேறும். மீனும் இல்லை, தவளையும் இல்லை. பம்ப் வைத்து இறைக்க இறைக்கத் தண்ணீர் நல்லதாகும் என்று நம்பினார்கள். கிழக்குக் கரையில் பிறகு நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் கிடக்கும் உப்புநீர் மேலேறி வரும். மெல்லிய நன்னீர்ப் படுக்கையைத் திரும்பச் சேர்த்தது பெரும்பாலும் மாரி மழைதான்.

கரையோரத்தை விட்டு எழும்பியவர்களில் பலர் கிறீன் பீல்ட் போன்ற தொடர்மாடி வீடுகளுக்குப் போனார்கள். அங்கே வளவு இல்லை, கிணறும் இல்லை. வீடுகளுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. பிள்ளைக்குத் தண்ணீருக்குள் ஓர் உயிரைக் காட்ட வேண்டுமென்றால் ஹோலில் கண்ணாடித் தொட்டி வைக்க வேண்டிய நிலை. மீன் கடைக்கு ஊரில் தேவை வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

நல்ல கடைக்காரரை அவர் கேட்கும் கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். "குழாய்த் தண்ணியா, கிணத்துத் தண்ணியா மகன்? எத்தின நாள் பிடிச்சு வெச்ச தண்ணி? தொட்டி எப்ப வாங்கின?" இதைக் கேட்ட பிறகுதான் வலையை எடுப்பார். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனின் செவுளைக் கருக்கிவிடும். திறந்த வாளியில் ஒரு நாளாவது வைக்க வேண்டும், அல்லது குளோரின் முறிக்கும் மருந்து சில துளி. கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கரையோரத் தண்ணீர் கடினமானது. கப்பிக்கும் மொலிக்கும் அது பிடிக்கும், கொஞ்சம் உப்பையும் தாங்கிக்கொள்ளும். அமேசன் காட்டு ஓடைகளின் மென்மையான நீரில் பிறந்த நியோன் டெட்ராவுக்கு அது கஷ்டம். கோல்ட் பிஷ் குளிர்நீர் மீன். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவதால் நெருக்கிப் போட்டால் மூச்சுத் திணறும். ஐரோப்பாவில் வெப்பமண்டல மீனுக்கு ஹீட்டர் போடுகிறார்கள். அந்தச் செலவு நமக்கு இல்லை என்பது பெரிய வசதி.

கடையில் மீனைக் கட்டித் தரும் பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதியில் சிலிண்டரிலிருந்து ஒட்சிசன் அடித்து, வாயை முறுக்கி றப்பர் பட்டி போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. பையைத் தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்க்க வேண்டும்.

2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது இந்தக் கண்ணாடித் தொட்டி ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்தது. காற்று மோட்டர் நின்றால் நெருக்கமான தொட்டியில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போதும் பைட்டர் தாக்குப்பிடிக்கும், பனையானும் தாக்குப்பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. பாசி தின்னும் என்று வாங்கும் டேங்க் கிளீனர், விரல் அளவில் வந்து முழங்கை அளவுக்கு வளரும். அலுத்துப்போனால் தோணாவில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கவசம் போன்ற தோலுடைய அந்த மீன் இலங்கைக் குளங்களில் பெருகி, மீனவரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பல கடைக்காரர் சும்மா வாங்கிக்கொள்வார்கள்.

அன்றைய கிணற்றுக்கு யாரும் பில்டர் வாங்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் பாசி பிடித்த கொட்டுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முறித்துக்கொண்டே இருந்தது. புதுத் தொட்டியில் அந்தக் குடியிருப்பு உருவாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீனைப் போட்டு, அடுத்த ஜும்ஆவுக்குள் பாதியைப் பறிகொடுப்பது இதனால்தான். கல்லும் மோட்டரும் பில்டரும் மட்டும் தந்து, "முதல்ல ரெண்டு கப்பிய விடு மகன், மிச்சத்த அடுத்த மாசம் வந்து எடு" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரிடம்தான் நான் மீன் வாங்குகிறேன்.