பந்திக்கு வெளியே இருக்கும் விடை

"கிமிலன் பொறுகையைத் துவினான்." இந்த வாக்கியத்தைக் கொடுத்து, பொறுகையைத் துவினவன் யார் என்று கேட்டால் எவரும் 'கிமிலன்' என்று எழுதிவிடலாம். அவன் எதைத் துவினான் என்று கேட்டால் அதற்கும் விடை கண்முன்னே இருக்கிறது. இரண்டுக்கும் முழுப் புள்ளி கிடைக்கும். ஆனால் இந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. மூன்று சொற்களும் இந்தக் கட்டுரைக்காகப் புனைந்தவை. 'ஏன் துவினான்?' என்று மூன்றாவது கேள்வி வரும்போதுதான் நமக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பது வெளிப்படும். க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பாடத்தின் கிரகித்தல் பகுதியில் எத்தனையோ பிள்ளைகள் தடுக்கி விழும் இடமும் இதுவே. 'யார், எங்கே, எப்போது' என்ற கேள்விகளைத் தாண்டிவிடுகிறார்கள். 'ஏன்' என்றோ, 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்றோ கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறை மொழிதான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் சிங்களமும். ஆனால் துறைமுகம், சுற்றுலா, பல்கலைக்கழகம் என்று எந்த வாசலில் நுழைய வேண்டுமென்றாலும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியபோது ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இவ்வளவு தேவையான ஒன்றைப் பரீட்சைக்காக எப்படிப் பழக்குகிறோம்? 'கேள்வியை முதலில் வாசி, முக்கியமான சொல்லின் கீழ்க் கோடு போடு, அதே சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வரியைப் பார்த்து எழுது.' கடந்தகால வினாத்தாள்களை வைத்து இதையே மாதக்கணக்காகச் செய்யவைக்கிறோம். இந்த உத்திகள் பிழையானவை அல்ல. ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் பிள்ளையைக் கொண்டுசெல்வது சொல்வளமும் உலக அறிவும்தான். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு இவ்விரண்டுக்கும் போக வேண்டும் என்பதற்கு வாசிப்பு பற்றிய ஆய்வுகளில் வலுவான சான்று இருக்கிறது.

எழுதுகிற எவரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி நிறைய விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளிகளைத் தன் அறிவால் நிரப்பி, சொல்லப்படும் நிலைமையை மனதில் படமாக்கிக்கொள்வதே கிரகித்தல் என்று உளவியலாளர் வால்டர் கின்ச் விளக்கினார். ஒரு சோதனை செய்து பாருங்கள். 'முதலில் ஒரு முனையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வளைந்து திரும்பி வந்து மறுமுனையைச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் உழைப்பு வீண். கடைசிப் பகுதி வந்து சேரும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.' ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், வாக்கியங்களும் எளியவைதான். ஆனாலும் என்ன நடக்கிறது என்று பிடிபடாது. இதற்குத் தலைப்பு 'கரைவலை' என்று சொன்னவுடன் கயிறும் தோணியும் கடைசியில் வரும் மடியும் கண்முன்னே வந்துவிடுகின்றன. ஜோன் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜோன்சன் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், துணி துவைப்பதைப் பற்றி இப்படியே மூடுமந்திரமாக ஒரு பந்தியைக் கேட்கவைத்தார்கள். தலைப்பை முன்கூட்டியே அறிந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செய்திகளை நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பை அறிந்தவர்களுக்கு அதனால் பயன் இல்லை. அறிவு உள்ளே வரும் சொற்களைக் கோக்கும் நூல். அது முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான சான்று 1988இல் வந்தது. அமெரிக்காவில் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி ஆகியோர் 64 மாணவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர், வாசிப்பில் பின்தங்கியவர், பேஸ்போல் தெரிந்தவர், தெரியாதவர் என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். வாசித்ததைச் சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள்; பிறகு சுருக்கிச் சொல்லச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். நம் ஊர்க் கிரிக்கெட்டை வைத்து யோசித்தாலே இது விளங்கும். விக்கெட் என்றால் என்னவென்று அறியாதவருக்கு ஆட்ட வர்ணனை வெறும் சொல்மழை.

உத்திகளைக் கற்பித்தால் பயன் உண்டு என்றும் ஆய்வுகள் சொல்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். பாலின்சார், பிரவுன் இருவரும் 1984இல் விவரித்த முறையில் மாணவர்களே கேள்வி கேட்டு, சுருக்கிச் சொல்லி, விளங்காததைத் தெளிவுபடுத்தி, அடுத்து வருவதை ஊகிக்கிறார்கள். அது நல்ல பலன் தந்தது. ஆனால் அவ்வகை ஆய்வுகள் பதினாறை 1994இல் ரோசன்ஷைனும் மைஸ்டரும் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு அமர்வுகள் நடத்தியதற்கும் இருபத்தைந்து நடத்தியதற்கும் பலனில் வேறுபாடு தென்படவில்லை. உத்தி என்பது சைக்கிளுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுவதுபோல. ஒருமுறை காட்டினால் போதும், தினமும் காட்டினால் வேகம் கூடாது. ஆகவே சில வாரங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். கேள்வியை முன்னதாகப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். 'அவர்', 'அது' என்று வரும் இடங்களில் யாரை, எதை என்று நின்று பார்க்க வேண்டும். பல்தேர்வு வினாவில் பந்தியின் சொல்லை அப்படியே தாங்கி நிற்கும் விடையைச் சந்தேகிக்க வேண்டும். சரியான விடை பல வேளைகளில் அதே கருத்தை வேறு சொற்களில் சொல்கிறது. அதற்குமேல் இதிலேயே சுற்றிக்கொண்டிருப்பது நேர விரயம்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ஆங்கிலமே தெரியாதபோது உலக அறிவு என்ன செய்யும்? அந்நிய மொழி வாசிப்பில் சிக்கல் வாசிப்பிலா, மொழியிலா என்று சார்ல்ஸ் ஓல்டர்சன் 1984இலேயே கேட்டார். மொழி குறைந்த நிலையில் மொழிதான் பெரிய தடை என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஹு, போல் நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பந்தியில் ஐந்துக்கு ஒரு சொல் தெரியாமல் போனபோது ஒருவராலும் போதிய அளவு விளங்கிக்கொள்ள முடியவில்லை. துணையின்றி வாசித்து விளங்க, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். வினாத்தாள் உத்தி எதுவும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. தொடர்ந்து வாசிப்பதுதான் நிரப்பும். அந்தச் சொற்களைச் சேர்க்கவும் அறிவு கைகொடுக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலில் கடல் சட்டென்று ஆழமாகிறது. அதற்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. திமிங்கிலத்தின் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்புப் படை உண்டு, அது உடற்சூட்டைக் காக்கிறது என்பதைத் தமிழில் அறிந்த பிள்ளை, ஆங்கிலப் பந்தியில் குளிருக்கு எதிரான காப்பாக 'பிளபர்' என்ற புதுச் சொல் வந்தால் பொருளைத் தானே கண்டுபிடித்துவிடும். அறியாத பிள்ளைக்கு அது பொறுகை, துவினான் போல இன்னொரு ஓசை மட்டுமே.

பரீட்சையில் எந்தப் பொருள் வரும் என்று யாருக்குத் தெரியும் என்றும் கேட்கலாம். தெரியாது. அதனால்தான் அறிவு அகலமாக இருக்க வேண்டும். மாணவர்களுக்கு எழுதப்படும் பந்திகள் சூழல், உடல்நலம், விலங்குகள், கண்டுபிடிப்புகள், பயணம் என்ற பழகிய வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் சுழல்கின்றன. அவை விஞ்ஞானம், வரலாறு, புவியியல் பாடங்களில் தமிழிலேயே வருகின்றன. அந்தப் பாடங்களை மனனம் செய்யாமல் விளங்கிப் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்துக்கும் சேர்த்தே படிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதைத் தமிழில் வாசித்துப் பேச வேண்டும். பிறகு அதே பொருளில் எளிய ஆங்கிலப் பந்திகள் நான்கைந்தை வாசிக்க வேண்டும். ஒரே பொருள் என்பதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பட்டியல் போட்டு மனனம் செய்யாமலே தங்கிவிடும். இதற்குப் பெரிய செலவு இல்லை. பாடசாலை நூலகமும், வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரமும் இருந்தால் தொடங்கலாம்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குக் குறுக்குவழியாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் நாம் உத்திகளை அள்ளிக் கொடுக்கிறோம். ஆனால் அப்படிச் செய்யும்போது அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதைக் காணத் தவறுகிறோம். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மேலே சொன்ன புதிர்ப் பந்தி புதிரே அல்ல; அதன் விடை பந்தியில் இல்லை, அந்தப் பிள்ளை நின்று பார்த்த கடற்கரையில் இருக்கிறது. தான் அறிந்ததை ஆங்கிலப் பந்திக்குள் கொண்டுவரலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதே கிரகித்தல் பாடத்தின் முதல் வேலை.