குண்டு பல்பு டாக்கீஸ்

ஃபியூஸ் போன குண்டு பல்பைக் கண்டால் இன்றும் எனக்குக் குப்பையில் போட மனசு வராது. அடிப்பக்கத்துக் கறுப்புப் பகுதியைத் தட்டி, உள்ளிருக்கும் கண்ணாடித் தண்டை உடைத்தெடுத்து, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். உடைக்கிற வேலை மட்டும் எங்கள் வீட்டில் பெரியண்ணனுடையது. இப்போதும் அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

மிச்சமெல்லாம் சுலபம். இருட்டறை வாசலில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, ஓட்டையில் ஃபிலிம் துண்டு, உள்ளே பல்பு. வெளியே தம்பி முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்புவான். எதிரே திரையாக அப்பாவின் வேட்டி.

சூட்சுமம் தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த உருண்டை, வெயிலைத் தன் பரப்பிலிருந்து ஏறக்குறைய ஆரத்தின் அளவு தள்ளிக் குவிக்கும். 6 செ.மீ. விட்டமுள்ள பல்புக்கு அது 3 செ.மீ. ஃபிலிமை அதற்குச் சற்று அப்பால் வைத்தால் படம் பெரிதாக, தலைகீழாக விழும். எனவே எம்.ஜி.ஆரைத் தலைகீழாகச் செருகுவோம். சினிமாவில் 24 படம் ஓடினால் ஒரு நொடி. எங்களுக்கோ ஒரு படமே அரை மணி நேரம் வரும். வசனம், சண்டைச் சத்தம் எல்லாம் எங்கள் உபயம்.

எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உருண்டைக் கண்ணாடிக் குடுவை போதும். ஃபிலிமுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் பிள்ளைகளே வரையட்டும். என்னைக் கேட்டால் அதுதான் மேல். ஆட்டம் முடிந்ததும் குடுவையை வெயிலில் விடாதீர்கள், காகிதத்தைப் பொசுக்கிவிடும்.