பின்சக்கரக் காரின் சப்தங்கள்

இன்றைக்கு நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுகிறவை. என்ஜின், கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றும் முன்மூடிக்கு அடியிலேயே ஒரே கட்டாக அடங்கிவிடுகின்றன. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை தயாராகிவந்த அம்பாஸடரும், பம்பாய் நகரத்து டாக்ஸியாகப் பல்லாண்டு உழைத்த பிரீமியர் பத்மினியும் அந்த ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் என்ஜினின் சக்தி முன்னே பிறந்து, கிளட்சையும் கியர் பெட்டியையும் கடந்து, இருக்கைகளுக்கு அடியில் நெடுகப் படுத்திருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் வழியே பின்னுக்கு ஓடி, அங்கே டிஃபரன்ஷியல் அடங்கிய ஹவுசிங்குக்குள் 90 பாகை திரும்பி, இருபக்கத்து அச்சுத்தண்டுகளின் மூலமாகச் சக்கரங்களை அடைகிறது. இத்தனை நீண்ட பாதையில் அமைந்திருக்கும் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் இணைப்புகளும் வயது ஏற ஏறத் தேய்கின்றன. தேய்ந்த ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சப்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

இவ்வகைக் கார்களை இன்னமும் அன்போடு வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நம்மிடையே அநேகர். அவர்கள் பட்டறைக்குப் போய், "பின்னாலே ஏதோ சத்தம் வருதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை ஒப்படைத்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பதில் பெரியது ஹவுசிங் ஆகையால், முதலில் அது திறக்கப்படுகிறது. இது பெரும் தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் சக்கரமும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தும்படி ஜோடியாகச் செய்யப்பட்டவை. அவற்றின் பற்கள் கூடும் ஆழமும் இடைவெளியும் மெல்லிய தகடுகளைக் கொண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்ற நுட்பத்தில் அமைக்கப்பட்டவை. அளவுக் கருவி இல்லாமல் பிரித்துப் பூட்டினால், முன்பு இல்லாத ஊளைச் சப்தம் பின்பு வந்து சேரும். தயாரிப்பே நின்றுபோன காருக்குப் புது ஜோடி தேடி அலைவது எளிதான காரியமும் அன்று.

ஆகவே ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், சப்தம் எப்போது வருகிறது என்பதை நிர்ணயித்துக்கொள்வது அவசியம். சப்தத்தின் தன்மையை ஒருவர் உறுமல் என்பார், இன்னொருவர் இரைச்சல் என்பார். அந்த வர்ணனைகளை நம்பி எதையும் முடிவுகட்ட இயலாது. எந்த வேகத்தில், எந்தக் கியரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, நேர்ச்சாலையிலா வளைவிலா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், குற்றவாளியின் இருப்பிடம் ஏறக்குறைய புலப்பட்டுவிடும்.

முதற் பரீட்சையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். வண்டி நிற்கட்டும், என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்சை மிதிக்காதபோது கேட்கும் கரகரப்பு, மிதித்தவுடன் அடங்கினால், கியர் பெட்டியின் முதல் தண்டிலோ, லே ஷாஃப்ட் என்னும் துணைத்தண்டிலோ உள்ள பேரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சப்தம் பிறந்தால் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டும்போது கவனிப்பதற்கும் ஒரு நல்ல அடையாளம் உண்டு. அம்பாஸடரைப் போன்ற கார்களில் நான்காவது கியர் நேரடிக் கியர்; அதில் சக்தி லே ஷாஃப்டின் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னுக்குச் சென்றுவிடுகிறது. முதல் மூன்று கியர்களிலும் முனகிக்கொண்டிருந்த பெட்டி நான்காவதில் மௌனமாகிவிட்டால், கோளாறு கியர் பெட்டியில்தான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஹவுசிங்கைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட். பழைய கார்களின் விநோத சப்தங்களில் மிகுதியானவை பிறக்கும் இடம் இதுவே. செலவு குறைவாக முடியும் இடமும் இதுவே என்பதால், இங்கே சற்றுத் தாமதித்துப் பார்ப்பது தகும். ஹவுசிங், பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், ஷாஃப்ட் ஓயாமல் தன் சாய்வை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காக இரு முனைகளிலும் சிலுவை வடிவான இணைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. பட்டறையில் இவற்றைக் ‘கிராஸ்’ என்பார்கள். சிலுவையின் நான்கு கைகளும் நான்கு சிறு கிண்ணங்களுக்குள் செருகியிருக்கின்றன. கிண்ணத்தின் உட்புறம் ஊசி போன்ற உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கிரீஸ் வற்றியதும் ஊசிகள் துருப்பிடித்து, வண்டி மெல்ல நகரும்போது ‘கீச் கீச்’ என்று ஒரு குருவிக் குரலைக் கிளப்புகின்றன.

இந்தக் கீச்சொலி ஷாஃப்டிலிருந்து வருகிறதா, சக்கரத்திலிருந்து வருகிறதா என்பதை எண்ணிக்கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். அம்பாஸடரின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் நகர்கிறது. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஏறக்குறைய நாலரை முறை சுற்றிவிடுகிறது. மனிதன் நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் வண்டி ஊர்ந்தால், சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். ஷாஃப்டோ மூன்று சுற்றுக்கும் மேல் சுற்றியிருக்கும். ஆகவே வினாடிக்கு மூன்று முறைக்குக் குறையாமல் கேட்கும் கீச்சொலி கிராஸினுடையது. மந்தமாக, ஒரு வினாடிக்கு மேற்பட்ட இடைவெளி விட்டு வருவது பிரேக் டிரம்மினுடையதோ சக்கரத்தினுடையதோ ஆகும்.

கீச்சொலியை அலட்சியம் செய்தவர்களுக்கு அடுத்தபடியாகக் கேட்பது ‘டொக்’ என்ற ஒற்றை அடி. கிளட்சை விட்டு வண்டி புறப்படும் கணத்திலும், முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் இது கேட்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, அடியில் கைவிட்டு, கிராஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். கைக்கு இம்மியளவு ஆட்டம் தட்டுப்பட்டாலும் அந்தக் கிராஸ் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கண்ணுக்குப் புலனாகும் சாட்சி ஒன்றும் உண்டு: கிண்ணங்களின் விளிம்பைச் சுற்றிக் குங்குமப் பொடியைப் போல் செந்நிறத் துருத்தூள் படிந்திருக்கும். கழற்றி எடுத்த பின் சிலுவைக் கையைத் துணியால் துடைத்து நகத்தை ஓட்டினால், ஊசிகள் அழுத்தி அழுத்தி உண்டாக்கிய மெல்லிய பள்ளக் கோடுகள் வரிசையாக நகத்தில் இடறும்.

கிராஸ் மாற்றுவதில் பட்டறைகள் அடிக்கடி மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஆராய்ந்து எழுதிய இந்த இணைப்பு, சாய்வாக நின்று சுற்றும்போது ஒரே சீரான வேகத்தைப் பின்னுக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தளர்கிறது. முன் கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் கிராஸ் எதிரிடையாகச் செய்து சரிக்கட்ட வேண்டுமானால், ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நேராக நிற்க வேண்டும். நடுவே உள்ள வழுக்குப் பற்களை ஒரு பல் தவறிச் செருகிவிட்டாலும் புதுக் கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட அதிகமாக அதிரும். கழற்றுவதற்கு முன் இருபுறமும் பெயின்ட்டால் ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்வதற்கு அரை நிமிஷம் போதும்.

ஷாஃப்ட் வளைந்திருந்தாலும், அதில் ஒட்டவைத்த சமநிலைத் தகடு விழுந்துபோனாலும், ஏன், தார் அப்பியிருந்தாலும்கூட அதிர்வு உண்டாகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2,200 சுற்றுக்கு மேல் சுழல்கிறதென்றால், சிறு எடைக் கோணல்கூட ஏன் இருக்கையை நடுங்க வைக்கிறது என்பது விளங்கும். அதிர்வு வரும் வேகத்தில், ஆள் நடமாட்டமற்ற நேர்ச்சாலையில், என்ஜினை அணைக்காமல் கியரை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்க்கலாம். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்டையோ சக்கரங்களையோ பார்க்க வேண்டும். உடனே நின்றால் என்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு உருளவிடுவது மட்டும் கூடவே கூடாது. ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் அது உயிருக்கே ஆபத்து.

சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை ஆகையால், டிஃபரன்ஷியலிலிருந்து புறப்படும் இரு அச்சுத்தண்டுகளிலும் ஒவ்வொரு கிராஸ் உண்டு.

இவ்வளவையும் விலக்கிய பிறகே ஹவுசிங்கின் முறை வருகிறது. கிரவுன் பினியன் தேய்ந்தால் பிறப்பது நீண்ட ஊளை. அது சுமையைப் பொறுத்துச் சுருதி மாறும். மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டவுடன் அடங்குவதும், அல்லது விட்ட பிறகு மட்டும் ஊளையிடுவதும் பற்கள் பொருந்தும் இடம் மாறிவிட்டதற்கு அடையாளம். நேர்ச்சாலையில் அமைதியாக இருந்து வளைவுகளில் மாத்திரம் சடசடத்தால் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். எதுவாயினும் முதலில் எண்ணெயைப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க, பக்கவாட்டு அடைப்பைக் கழற்றினால், துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். இந்த வகைப் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்துவதால் சாதாரண என்ஜின் ஆயில் இங்கே உதவாது. கைப்புத்தகத்தில் சொல்லிய ஹைப்பாய்டு கியர் ஆயிலே வேண்டும். விரலில் தொட்டு வெயிலில் பிடித்தால், வெறும் கருமையாக இருப்பதில் கவலையில்லை. வெள்ளிச் செதில்கள் மின்னினால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. பழைய கார் வாங்குபவர்களுக்கும் இது பயன்படும், ஏனெனில் எண்ணெயில் மரத்தூளைக் கலந்து ஊளையைத் தற்காலிகமாக அடக்கி விற்பது மிகப் பழைய மோசடி.

மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறும் உறுமல் சக்கர பேரிங்கினுடையது. இடது வளைவில் அது உரத்தால் பாரம் ஏறும் வலது சக்கரத்தைப் பாருங்கள். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறியதும் குரல் மாறினால் அது டயரே. ஸ்பிரிங்கை ஹவுசிங்கோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்திருப்பதும், சைலன்ஸர் குழாய் அடித்தகட்டில் உரசுவதும் எத்தனையோ ஹவுசிங்குகள் வீணாகத் திறக்கப்படக் காரணமாக இருந்திருக்கின்றன. ஒரு ஸ்பேனரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும். ‘டொக்’ என்ற அடியோடு அதிர்வும் சேர்ந்துவிட்டால், மேற்கொண்டு அந்த வண்டியில் நெடுஞ்சாலைப் பிரயாணம் செய்யாதீர்கள். முன் கிராஸ் ஓட்டத்தில் முறிந்தால், ஷாஃப்டின் முன்முனை சாலையில் விழுந்து குத்தி நிற்கக்கூடும். மற்றபடி, பட்டறைக்குப் போகும் நாளில், வேகம், கியர், மிதி, வளைவு என்று நீங்கள் கவனித்தவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கை ஸ்டியரிங்கில் அமர்த்தி, நீங்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்து, இருவருமாக ஒரு சுற்று போய்வந்த பிறகே வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள்.