போதை ஊசி போடுறவங்களுக்குப் புது ஊசியா? ஓர் அமெரிக்கச் சிற்றூர் கற்ற பாடம்

‘போதை ஊசி போடுறவங்களுக்கு அரசே இலவசமா ஊசி கொடுக்கணுமா?’ இப்படிக் கேட்டால் பலருக்குக் கோபம்தான் வரும். ஆனால், ஊசி கிடைக்காததால் ஓர் ஊர் என்ன விலை கொடுத்தது தெரியுமா?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், ஸ்காட் கவுன்ட்டியில் உள்ளது ஆஸ்டின். மக்கள்தொகை சுமார் 4,200. அந்த கவுன்ட்டியில் ஆண்டுக்கு ஐந்து எச்.ஐ.வி. தொற்றுகூடப் பதிவானதில்லை. ஆனால், 2015 நவம்பருக்குள் 181 பேருக்குத் தொற்று உறுதியானது.

எப்படிப் பரவியது?

காரணம், ‘ஒப்பானா’ என்ற வலிநிவாரணி மாத்திரை. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். போதை சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் ஒரே நாளில் பல தடவை போட வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ ஒன்றிரண்டு ஊசி. ஒருத்தர் போட்டதையே அடுத்தவரும் போட்டுக்கொண்டார். சில வீடுகளில் மூன்று தலைமுறையினர் சேர்ந்தே போட்டார்கள்.

ஊசிக்குள் தங்கும் துளி ரத்தமே எச்.ஐ.வி. பரவப் போதும். மருந்து கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, அலசும் தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்வதும் ஆபத்துதான். தொற்று உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

ஏன் தடுக்க முடியவில்லை?

பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் திட்டத்துக்கு இண்டியானாவில் அப்போது சட்ட அனுமதி இல்லை. அன்றைய ஆளுநர் மைக் பென்ஸும் அதை எதிர்த்தவர்தான். நிலைமை கைமீறவே, 2015 மார்ச் 26 அன்று அவசரநிலை அறிவித்து அனுமதி கொடுத்தார். பரிசோதனை, சிகிச்சை, புது ஊசி எல்லாம் கைகோத்த பிறகு, ஊசியைப் பகிர்வது குறைந்தது; புதிய தொற்றும் குறைந்தது.

ஊசி கொடுத்தால் போதை பெருகாதா?

நியாயமான கேள்வி. ஆனால், அப்படிப் பெருகியதாக ஆய்வுகள் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இத்திட்டத்தைப் பரிந்துரைக்கிறது. ஊசி வாங்க வருகிறவரிடம்தான் ‘டெஸ்ட் எடுக்கலாமா? சிகிச்சைக்கு வர்றீங்களா?’ என்று கேட்க முடியும். போலீஸுக்குப் பயந்து ஒளிந்திருப்பவரிடம் யார் போய்க் கேட்பது?

ஆனாலும், 2021-ல் ஸ்காட் கவுன்ட்டி நிர்வாகிகள் மூவரில் இருவர், திட்டத்தை நிறுத்த வாக்களித்தார்கள்.

இந்தியாவில்?

இங்கே இத்தகைய சேவைகளுக்கு 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்பு தருகிறது. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசம். உங்களுக்கோ, தெரிந்தவருக்கோ சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். சீக்கிரம் தெரிந்தால், சீக்கிரம் சிகிச்சை தொடங்கலாம்.