ஸ்டார்ட் ஆகாத காருக்கு ஒரு ட்ரையல் பேலன்ஸ்!

பழைய கார் விஷயத்தில் மனிதர்கள் மூன்று வகை.

ஒன்று, உள்ளே சொகுசாக உட்கார்ந்து "தள்ளுங்க... தள்ளுங்க..." என்பவர். இரண்டு, பின்னால் நின்று தள்ளும் அவருடைய மச்சான். மூன்று, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஏதோ புதையல் இருக்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்ப்பவர்.

இந்த மூன்றாமவரைப் பார்த்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பாவம், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம் "பேட்டரியா இருக்கும் சார்", "பிளக்கா இருக்கும் சார்", "வித்துடுங்க சார்" என்று இலவச ஆலோசனை வேறு வழங்குவார்கள்.

இந்தக் கட்டுரை அவருக்காக!

நான் படித்தது பி.காம். ஸ்பேனர் சமாசாரம் கற்றுக்கொண்டது எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். டீ வாங்கித் தருவது மட்டும்தான் குருதட்சணை. அண்ணன் அடிக்கடி சொல்வது இதுதான்: "வண்டி பேசும் தம்பி. அதைப் பேச விடாம நாமதான் பார்ட்ஸ் பார்ட்ஸா மாத்திட்டு இருக்கோம்."

இதையே எங்கள் காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? லெட்ஜரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவா ஓடுவோம்? வித்தியாசத் தொகை 9-ல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காரும் அப்படித்தான். வரிசையாக நாலு கேள்வி கேட்டால் பர்ஸ் தப்பிக்கும். சில சமயம் உயிரும்!

எந்தக் கார்?

1983 டிசம்பரில் இந்திரா காந்தி சாவி கொடுத்துத் தொடங்கி வைத்தாரே, அந்த மாருதி 800-ஐயே உதாரணமாக வைத்துக்கொள்வோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோனாலும் தெருவுக்கு ஒன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கார்புரேட்டர் காலத்து மாடல்தான் இங்கே நம்ம ஹீரோ. இன்றைய கார்களில் கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறு இன்னதென்று கோடு நம்பர் சொல்லும். நம்ம ஹீரோவுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. சத்தம், வாசனை, புகை மூன்றையும் வைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அம்பாஸடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களும் தாராளமாகக் கூடவே வரலாம்.

'டிக்'கா, 'கர்ர்ர்'ரா?

காலை எட்டே முக்கால். ஒன்பதரைக்கு ஆபீஸ். சாவியைத் திருகுகிறீர்கள். வண்டி எழுந்திருக்கவில்லை. பதறாமல் முதல் கேள்வியைக் கேளுங்கள்: செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா?

'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் மங்கிச் செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் ஜம்மென்று அப்படியே நின்றால் செல்ஃப் மோட்டார் பக்கம்தான் சந்தேகம்.

புது பேட்டரிக்குப் பணம் எண்ணுவதற்கு முன்னால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாக, பச்சையாக உப்புப் பூத்திருக்கிறதா? முதலில் நெகடிவ், அப்புறம் பாஸிடிவ் என்று கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, மாட்டும்போது பாஸிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின். வீட்டம்மா "ஆப்ப சோடா எங்கே?" என்று கேட்டால், அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு சின்ன மல்ட்டி மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். அது ஏறவே இல்லையென்றால் தப்பு பேட்டரி மேல் இல்லை. பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் படுத்திருக்கும். இது தெரியாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் படுத்துவிடும். வரவே இல்லாத அக்கவுன்ட்டில் செக் கிழித்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

மச்சான் கைவசம் இருந்தால் செகண்ட் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். சாவி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். உறவு முக்கியம்!

சுத்துது, பத்திக்கலை!

செல்ஃப் 'கர்ர்ர்' என்று நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை. அப்படியென்றால் இரண்டில் ஒன்று வரவில்லை: பெட்ரோல் அல்லது ஸ்பார்க்.

முதலில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய காரின் பெட்ரோல் முள், தேர்தல் வாக்குறுதி மாதிரி. அதை நம்பிக்கொண்டு நெடுந்தூரம் போகக் கூடாது.

பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் நெடி அடித்து, எங்கும் ஒழுகல் தெரியாவிட்டால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதி மிதியென்று மிதித்ததன் பலன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் எடுங்கள். பிடித்துக்கொள்ளும். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்பவர்கள் அதை மறுபடி உள்ளே தள்ள மறக்க வேண்டாம். மறந்தால் கரும்புகையும் வரும், மைலேஜும் போகும்.

ராத்திரி மழை பெய்து, காலையில் வண்டி மக்கர் செய்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயர்களையும் காய்ந்த துணியால் துடைத்தாலே பல சமயம் போதும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. முனை லேசான பழுப்பாக இருந்தால் சௌக்கியம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டரில் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜினுக்குள் ஆயில் ஏறுகிறது. வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம்.

முள் ஏறுது அண்ணே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயசு இருக்கும். பேங்க் வேலை. வண்டி அவன் அப்பாவுடையது. அப்பா தவறி ஏழெட்டு மாசம். வேறொரு ஒர்க்‌ஷாப்பில், "ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று 40 ஆயிரம் சொல்லியிருந்தார்கள். விற்கலாமென்றால் அம்மா ஒப்பவில்லை. செய்யலாமென்றால் அவன் கையில் அவ்வளவு பணம் இல்லை.

அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "முள் எங்க ஏறுது? டிராஃபிக்லயா, ஹைவேஸ்லயா?"

"கிண்டி சிக்னல்ல நின்னா ஏறுது அண்ணே. தாம்பரம் தாண்டி ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். விஷயம் இதுதான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன் சுற்றினால்தான் உண்டு. எனவே டிராஃபிக்கில் மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. ஹைவேஸிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும்.

ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் ஆயில், பால் விட்ட காபி நிறமாகிவிடும். இது நல்ல டிகாக்‌ஷன் மாதிரிதான் இருந்தது. ரேடியேட்டரில் குமிழியும் வரவில்லை. கேஸ்கெட் மீது சந்தேகம் தீர்ந்தது. ஃபேனை இயக்கும் தெர்மோ ஸ்விட்சின் இரண்டு ஒயர்களைப் பிடுங்கி, ஒன்றோடொன்று தொட வைத்தார். ஃபேன் 'விர்ர்ர்' என்று சுற்றியது. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, ஸ்விட்ச்தான் போச்சு! சில நூறு ரூபாயோடு விஷயம் முடிந்தது.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பாவே திரும்பி வந்த மாதிரி ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. முள் ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அரை மணிக்கு மேலேயே ஆறட்டும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிட்டா சூடே ஆகாது சார்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சூடேறியதற்கான நிஜக் காரணம் அப்படியே இருக்கும், மைலேஜ் மட்டும் குறையும்.

புகைக்கு மூணு கலர்

சைலென்சர் புகையையும் கவனியுங்கள். கறுப்பு: பெட்ரோல் அதிகமாக எரிகிறது. சோக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் பாருங்கள். நீலம்: ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். அவசரமில்லை, ஆனால் வாராவாரம் ஆயில் லெவல் பாருங்கள். அடர்த்தியான வெள்ளை, நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால்: இதுதான் நிஜமான கேஸ்கெட் கேஸ். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் மெல்லிசாக வரும் வெள்ளை, வெறும் நீராவி. அதற்காக மெக்கானிக்கை எழுப்ப வேண்டாம்.

இங்கே தமாஷ் இல்லை

அந்தப் பையன் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணன் வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்துப் பிடித்தார். பெடல் மெதுவாக, லிஃப்ட் மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போனது. அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது எத்தனை நாளா இப்படி?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான் அண்ணே. ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும்."

"ரெண்டாவது தடவை மிதிக்க ரோட்ல எடம் இருக்கணும்ல?"

சாவி அண்ணன் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. "இன்னிக்கு வண்டி வெளியே போகாது. அம்மாவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போ." மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்து, பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. 40 ஆயிரத்துக்குப் பயந்து ஓடி வந்தவன், உயிருக்கு உலை வைக்கிற கோளாறைப் பற்றி வாயே திறக்கவில்லை. பழைய வண்டியின் ஆபத்தே இதுதான். கோளாறு மெதுவாக வரும், நாமும் மெதுவாகப் பழகிவிடுவோம்.

எனவே மூன்று விஷயத்துக்கு மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்' கிடையாது.

ஒன்று, பிரேக். பெடல் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினாலோ, கீழே இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, 'கர்கர்' என்று இரும்பு உரசினாலோ வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இரண்டு, டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு. ஓடும்போது எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டினால் வீடு வரும், இன்ஜின் வராது.

மூன்று, பெட்ரோல் ஒழுகல். இன்று பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை அல்ல. நாளடைவில் உப்பி, வெடித்து, கசியலாம். பழைய ஹோஸ்களைப் பிடுங்கிப் போட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ் போடச் சொல்லுங்கள். செலவு குறைவு. தீப்பிடித்தால் செலவுக்கு வண்டியே மிஞ்சாது.

கடைசியாகக் கணக்கு!

15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். கிழவனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பது இனி நிஜமான கேள்விதான். பதில் சொல்ல, ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, கிலோமீட்டர், என்ன அறிகுறி, என்ன மாற்றினோம், எவ்வளவு என்று ஐந்து காலம் போட்டு எழுதி வாருங்கள். ஒரே பார்ட் மூன்றாவது தடவையாக வந்தால், கோளாறு அந்தப் பார்ட்டில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். தரைத்தட்டில் துரு ஓட்டை விழுந்துவிட்டது என்று எழுத வேண்டி வந்தால், அன்றைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அதுவரை டிக்கியில் ஒரு செட் ஸ்பேனர், ஸ்பேர் பெல்ட், ஃப்யூஸ், ஜம்பர் கேபிள், ஐந்து லிட்டர் தண்ணீர், காய்ந்த துணி, டார்ச் இவை இருக்கட்டும்.

இத்தனையும் இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? மச்சானுக்குப் போன் போடுங்கள்.