மின்கித்தாரின் பத்தர்: தலைமை ஒலிக்குமிழ் அமைப்புக்கள் – ஓர் ஒப்பீடு

நரம்பின் அதிர்வு தனித்து நின்று செவியை நிறைப்பதில்லை. அதனைப் பெருக்கி இனிமையூட்டும் உறுப்பினைப் பழந்தமிழர் பத்தர் என்றனர். யாழின் உறுப்புக்களையும் இசைக்கணக்கையும் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் அறிவியற் பட்டதாரியுமாவர். இசையும் பௌதிகமும் வேறு வேறு உலகங்களல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. திண்மரத்தாலான மின்கித்தாருக்குப் பத்தர் இல்லை. காந்தச்சுருள் உருக்குநரம்பின் அதிர்வை நுண்ணிய மின்னலையாக மாற்ற, அம்பிளிபயர் என நாம் வழங்கும் விரியலாக்கியும் ஒலிபெருக்கியுமே பத்தரின் பணியை ஆற்றுகின்றன. ஆதலின் விரியலாக்கி கருவிக்குப் புறம்பானதன்று. கருவியின் ஒரு பாதியேயாகும்.

இவ்வுண்மை எமது மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு சிக்கலாக உருக்கொள்கின்றது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் பழைய லயங்களிலே காம்பரா ஒன்று ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவினது; அடுத்த குடும்பத்துக்கும் அதற்கும் இடையே ஒரு சுவரே உண்டு. அச்சுவருக்கு அப்பால் உறங்குவோர் விடியற்காலையில் எழுந்து கொழுந்தெடுக்கச் செல்ல வேண்டியவர்கள். தன் கையாலேயே வால்வு விரியலாக்கி அமைத்து மாலை வேளையிற் பயில விரும்பும் இளைஞன், நாதத்தையும் இழத்தலாகாது. அயலாரின் துயிலையும் கெடுத்தலாகாது. ஒலியை எவ்விடத்திற் குறைப்பது என்பதே அவன் முன்னுள்ள வினா.

வினாவின் அருமையை உணர விரியலாக்கியின் உறுப்புக்களை அறிதல் வேண்டும். முதற்கண் ஈசீசீ83 போன்ற முன்னிலை வால்வுகள் மின்னலையைப் பெருக்குகின்றன. அடுத்து, பிரிப்பு வால்வு ஓரலையை ஒன்றற்கொன்று எதிரான ஈரலைகளாக்குகின்றது. ஈஎல்84 போன்ற இறுதி வால்வுகள் இரண்டு அவ்வலைகளுக்கு வலுவூட்டி, நிலைமாற்றி வழியே ஒலிபெருக்கிக்குச் செலுத்துகின்றன. அளவுக்கு மிஞ்சிய அலை வரின் வால்வு அதன் முகடுகளை மழுக்கும். அப்பொழுது புதிய மேற்சுரங்கள் தோன்றும். பௌதிகர் இதனைத் திரிபு என்பர். கித்தார்க் கலைஞரோ இதனையே நாடுவர். 1950களின் பெண்டர் பாஸ்மனிலும், அதனைத் தழுவி 1960களின் தொடக்கத்தில் இலண்டனில் எழுந்த மார்ஷல் ஜேடிஎம்45இலும் தலைமைக்குமிழ் இல்லை. ஆதலால் அந்நாதம் வேண்டின் பேரொலியையும் ஏற்க வேண்டியதாயிற்று.

சிறிய விரியலாக்கியை அமைத்தாற் போதாதோ எனின், போதாது. 50 உவாற்றை 5 உவாற்றாக்கினும் குறைவது 10 டெசிபெல்லே. செவிக்கு அது ஏறக்குறையப் பாதியாகவே தோன்றும்.

முதலாவது அமைப்பு, பிரிப்பு வால்வுக்கு முன்னே ஒரு மாறுந்தடையை இடுவது. கலிபோர்னியாவில் ரான்டல் சிமித் 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய மீசா பூகியும், 1975இல் வந்த மார்ஷல் 2203உம் தலைமைக்குமிழைப் புகழ்பெறச் செய்தன. மார்ஷல் 2203இல் அக்குமிழ் இருப்பது இவ்விடத்திலேயே. இவ்வமைப்பு எளிது, செலவும் சிறிது. முன்னிலை வால்வுகள் முழுதும் முயல்கின்றன. ஆயின் பிரிப்பு வால்வும் இறுதி வால்வுகளும் வாளாவிருத்தலால், மிகத் தாழ்ந்த ஒலியில் நாதம் மெலிந்து வண்டின் முரற்சி போலாகும்.

இரண்டாவது அமைப்பில், பிரிப்பு வால்வுக்குப் பின்னே இரட்டை மாறுந்தடை இடப்படும். பிரிப்பு வால்வும் திரிபிற் பங்குகொள்ளுதலால் நாதம் செறிவுடையது. எனினும் ஒலி குறையுந்தோறும் எதிர்ப்பின்னூட்டின் ஆட்சி தளர, சுரத்தின் இயல்பும் மாறும். மாறுந்தடையின் நகருமுனை தொடர்பிழந்தால் இறுதி வால்வின் நெய்யரி தனக்குரிய எதிரழுத்தத்தை இழக்க, வால்வு செந்நிறமாகக் காய்ந்து அழியும். அம்முனையிலிருந்து எதிரழுத்த வழிக்கு ஒரு பெருந்தடையை நிலையாக இணைத்தல் இதற்குக் காப்பாகும். இறுதி வால்வு ஒன்றே உடைய சிறு விரியலாக்கியிற் பிரிப்பு வால்வு இல்லை. அங்கு இவ்விரு அமைப்புக்களும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, நிலைமாற்றிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வலுவை வெப்பமாக்கும் தணிப்பியை வைப்பது. எல்லா வால்வுகளும் முழுதும் உழைக்கும். ஆதலின் விரைவில் தேயும். தணிப்பியின் தடை பொருந்தாதாயின் நிலைமாற்றிக்கே ஊறு நேரலாம். நான்காவது, இறுதி வால்வின் உயரழுத்தத்தையே குறைப்பது. இது வால்வைத் தேய்க்காது. ஆயின் அமைப்பதற்கு மிக்க பயிற்சி வேண்டும்.

தேயிலையின் மணம் வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல் என்னும் படிகள் யாவற்றாலும் அமைவது. எப்படிக்கு முன்னே கொழுந்தைக் குறைக்கின்றோமோ, அதற்குப் பின்னுள்ள பொறிகள் குறைவாகவே உழைக்கும். தலைமைக்குமிழின் இடமும் அத்தன்மைத்தே. அன்றியும், தாழ்ந்த ஒலியிற் செவி மந்தசுரங்களைக் குறைத்தே கேட்கும் என்பதைப் பிளெச்சர், மன்சன் என்போர் 1933இல் அளந்து காட்டினர். ஆதலின் எக்குமிழும் பேரொலியின் நாதத்தைத் தாழ்ந்த ஒலியில் அப்படியே தரவல்லதன்று. லயத்தில் வாழ்வோனுக்கு ஒற்றை ஈஎல்84உம், அதன் நெய்யரிக்கு முன்னே ஒரு தலைமைக்குமிழும், மந்தசுரத்தைச் சற்று உயர்த்தும் வழியுமே சாலப் பொருந்துவன.

நாதத்தினும் உயிர் பெரிது. பழைய வானொலிகளுட் சில நிலைமாற்றியின்றி 230 வோற்று மின்வழியை நேரே ஏற்பவை. யூஎல்84 முதலிய யூ வரிசை வால்வுகளை உடையவை பெரும்பாலும் அத்தகையன. அவற்றின் உலோகச் சட்டகத்திலேயே மின் பாயக்கூடும். அதனோடு கித்தாரை இணைப்பின், நரம்பைத் தொடும் விரல் மின்வழியைத் தொடுவதாகும். ஆதலின் அவ்வானொலிகளை ஒருபோதும் விரியலாக்கியாக மாற்றலாகாது. ஏனையவற்றிலும், மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளிற் சில நூறு வோற்று எஞ்சியிருக்கலாம். தடை வழியே அதனை வெளியேற்றி, மானியால் அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். சட்டகத்தைப் புவியோடு இணைத்தலும் இன்றியமையாதது.

கருவியை ஓங்கி ஒலிக்கச் செய்தல் எளிது. அயலானின் துயில் கலையாதபடி, நாதமும் குன்றாதபடி அதனை அடக்கி இசைப்பித்தலே அரிது. அவ்வருமையை அறிந்து அமைப்போனே கருவியையும் அயலாரையும் ஒருங்கே பேணியவனாவான்.