அடுப்பைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஃபிரைட் ரைஸுக்குப் பஞ்சமில்லை. உணவங்காடி நிலையம், காப்பிக் கடை, மாமாக் கடை, பேரங்காடியின் கீழ்த்தளத்து உணவுக்கூடம் என்று எங்கே திரும்பினாலும் விலைப்பட்டியலில் அது இருக்கும். பல கடைகளுக்கு அது ஒரு பக்க வியாபாரம். மிஞ்சிய சோற்றையும் காயையும் செலவழிக்க ஒரு வழி. சில கடைகளில் மட்டும் அதற்கென்றே சோறு வடித்து, அதற்கென்றே ஒரு கையைப் பழக்கி வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது வகைக் கடையைச் சாப்பிடுவதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இணையத்தில் வாங்கிய நட்சத்திரங்களும் சுவரில் ஒட்டிய பத்திரிகைப் படங்களும் அதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. பெரும்பாலான கடைகளில் சமையல் நம் கண்முன்னே நடக்கிறது. அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் அடுப்பு. சீனக் கடைகளில் வாணலிக்குக் கீழே இருப்பது வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு வலுவான எரிவாயு அடுப்பு. நல்ல கடையில் அதன் இரைச்சல் வரிசையில் நிற்கும்போதே காதில் விழும். கான்டனீஸ் மொழியில் ‘வோக் ஹே’ என்று சொல்லும் அந்தப் புகைந்த மணம் இந்த வெப்பத்தில்தான் பிறக்கிறது. சோறும் முட்டையும் சோயா சாற்றின் சர்க்கரையும் சுடுகிற இரும்பில் பட்டுப் பழுப்பேறுகின்றன. மேலே எழும் எண்ணெய்த் துளிகள் தீயில் பற்றி எரிந்து அந்த மணத்தோடு சேர்கின்றன. வெப்பம் குறைந்தால் சோற்றிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் வாணலியிலேயே தங்கும். அப்போது சோறு வறுபடுவதில்லை, மறுபடி வேகிறது. குழைந்த ஃபிரைட் ரைஸுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அவ்வளவு சூட்டில் சோறு ஏன் கருகுவதில்லை? அது வாணலியில் நிற்பதே இல்லை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹங்டாங் கோ, டேவிட் ஹு ஆகிய இருவரும் சீன உணவகச் சமையல்காரர்களின் கையசைவைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை சோறு மேலே எறியப்படுகிறது. அடுப்பின் விளிம்பில் வாணலியை ஊன்றி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே மேலும் கீழும் ஆட்டுவதில் அந்த வித்தை இருக்கிறது. காற்றில் பறக்கும் நேரத்தில் சோறு சற்று ஆறுகிறது, விழுந்ததும் மறுபடி சூடேறுகிறது. ஆகவே சமைப்பவர் கரண்டியால் கிளறிக்கொண்டு மட்டும் இருக்கிறாரா, வாணலியையே வீசிப் புரட்டுகிறாரா என்று கவனியுங்கள். நாள் முழுதும் இதைச் செய்வது தோளை நோகடிக்கும் வேலை. சிறந்த கடைகள் சில ஒரே மனிதரின் உடல்நலத்தை நம்பி நடப்பதற்கும், அவர் விடுப்பில் போன நாளில் சுவை மாறிவிடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது சோறு. முந்தின நாள் சோறுதான் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது, மணியின் மேற்பரப்பும் உலர்கிறது. அதனால் வாணலியில் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் வேண்டியது பழமை அல்ல, உலர்ச்சி. தண்ணீரைக் குறைத்து வடித்து, தட்டில் பரப்பி, விசிறியடியில் ஆவி போகவிட்ட சோறு அன்றைக்கே வறுக்கத் தோதாகிவிடும். கடையில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சோறு உதிர்த்துப் பரப்பிய நிலையில் இருக்கிறதா, கட்டி கட்டியாக இருக்கிறதா, ஆவி பறக்கும் பானையிலிருந்து நேரே வாணலிக்குப் போகிறதா? கடைசி வகைக் கடையில் நான் நூடல் கேட்டு வாங்குவேன்.

எத்தனை தட்டுகளை ஒரே வாணலியில் போடுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். ஒன்றிரண்டு தட்டளவு சோறு என்றால் சூடு தாங்கும். ஐந்தாறு தட்டு ஒன்றாக விழுந்தால் எப்பேர்ப்பட்ட தீயும் அடங்கிப்போகும். மதியம் அலுவலகக் கூட்டம் அலைமோதும் வேளையில் நல்ல கைகூட இப்படிச் செய்யும்படி ஆகிவிடுகிறது. ஒரு கடையை எடைபோட வேண்டுமென்றால் கூட்டம் சேருமுன் போங்கள், இல்லையென்றால் கலைந்தபின் போங்கள். நீண்ட வரிசை நல்ல கடைக்கு அடையாளமாக இருக்கலாம். அந்த வேளையில் வரும் தட்டு அந்தக் கடையின் நல்ல தட்டாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் முறை போகும்போது எளிய முட்டை ஃபிரைட் ரைஸையே கேளுங்கள். இறால், நண்டு, உப்புக் கருவாடு எல்லாம் சேர்ந்தால் அவற்றின் ருசி சோற்றின் குறையை மறைத்துவிடும். முட்டையும் வெங்காயத்தாளும் மட்டும் இருக்கும் தட்டில் ஒளிவதற்கு இடமில்லை. மணிகள் தனித்தனியாக, ஆனால் விறைக்காமல் இருக்க வேண்டும். முட்டை சோற்றோடு கலந்து ஒட்டியிருக்க வேண்டும். தனியே ஆம்லெட் துண்டுகளாகக் கிடந்தால் அவசரத்தில் செய்தது. தட்டின் அடியில் எண்ணெய் தேங்கக்கூடாது. நிறம் சீராகக் கரும்பழுப்பாக இருந்தால் சோயாவைக் கைகூசாமல் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல சமையல்காரர் சோயாவைச் சோற்றின்மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் விடுவார். அது பொரிந்து மணத்தோடு உள்ளே இறங்கும்.

எந்த வகைக் கடை என்பதற்கேற்ப எதிர்பார்ப்பும் மாற வேண்டும். காப்பிக் கடைகளின் ஓரத்தில் இயங்கும் ‘சீ சார்’ கடைகள்தான் சீன முறைக்குச் சரியான இடம். மாலையில்தான் பல கடைகள் களைகட்டும். யாங்சாவ் ஃபிரைட் ரைஸ் கேட்டால் இறாலோடு ‘சார் சியூ’ என்ற பன்றி வறுவலும் வரும். பன்றிக் கொழுப்பில் தாளிக்கிற கடைகளும் உண்டு. வேண்டாதவர்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஹலால் சான்றிதழ் பெற்ற கடைகளில் அதை முகப்பிலேயே மாட்டியிருப்பார்கள்.

மாமாக் கடை நம்மவர்களின் கொடை. தமிழகத்திலிருந்து போன முஸ்லிம்கள் அங்கே வளர்த்தெடுத்த இந்தக் கடைகளில் நாசி கோரெங் எனப்படும் ஃபிரைட் ரைஸ் சீன வகைக்கு உறவுதானே தவிர நகல் இல்லை. அரைத்த மிளகாய், கறுப்புச் சோயா, சில இடங்களில் தக்காளிச் சாறு, மேலே ஒரு பொரித்த முட்டை, ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள். இதில் வோக் ஹே தேடுவது நியாயமில்லை. காரமும் இனிப்பும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகும் திறந்திருப்பது இதன் தனிப் பெருமை.

மலாய்க் கடைகளில் நான் முதலில் பரிந்துரைப்பது நாசி கோரெங் கம்போங். இடித்த மிளகாய், பெலாச்சான் என்ற இறால் விழுது, பொரித்த நெத்திலி, காங்கோங் கீரை சேர்ந்த நாட்டுப்புறச் சுவை அது. பெலாச்சானைச் சரியாக வறுக்காத கடையில் நெடி மூக்கைத் துளைக்கும். வறுத்த கடையில் அதே விழுது ஆழமான ருசியாகிவிடும். ஆம்லெட்டில் பொதிந்து தரும் நாசி கோரெங் பட்டாயாவுக்குப் பெயரில்தான் தாய்லாந்து, பிறப்பு மலேசியா. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தாய்லாந்து வகையான காவ் பாட் மல்லிகை அரிசியில் செய்வது. சோயாவைவிட மீன்சாறு முன்னே நிற்கும். எலுமிச்சைத் துண்டும், மீன்சாற்றில் ஊறிய ஊசிமிளகாயும் கேட்காமலே வர வேண்டும். சிங்கப்பூரில் இதற்குப் பேர்போன கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ் 2023இல் மூடப்பட்டுவிட்டது, அங்கிருந்த கடைகள் சில வேறு இடங்களுக்குப் பெயர்ந்தன. பழைய பயணக் குறிப்பை நம்பி அங்கே போய் நிற்க வேண்டாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘காய்கறி ஃபிரைட் ரைஸ்’ என்று எழுதியிருந்தாலும் சிப்பிச் சாறோ இறால் விழுதோ அதில் இருக்கலாம்; வாணலியும் ஒன்றுதான். சீன பௌத்தச் சைவக் கடைகளைத் தேடிப் போங்கள். வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் காளானாலும் ஊறவைத்த முள்ளங்கியாலும் சுவை கூட்டுவார்கள். சில கடைகளில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் அதை மட்டும் சொல்லிவிட வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்கள் பலர் சைவம் உண்பதால் அங்கே நெரிசல் கூடும்.

கூடுமானவரை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூடிய டப்பாவுக்குள் ஆவி தண்ணீராகித் திரும்பவும் சோற்றில் இறங்குகிறது. கால் மணி நேரத்தில் அத்தனை உழைப்பும் போய்விடும். பொட்டலம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தே எடுத்துப் போகலாம்.

மிச்சம் வைப்பதில் மட்டும் அலட்சியம் கூடாது. பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைட் ரைஸைச் சாப்பிட்டுப் பலர் நோயுற்றபோதுதான் இது பரவலாகத் தெரியவந்தது. ஆகவே சோற்றுத் தொட்டியை நாள் முழுதும் அடுப்போரத்தில் திறந்து வைத்திருக்கும் கடையை, அதன் தீ எவ்வளவு நன்றாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததில் மிச்சம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும்.